திரும்பி வந்த ஊர்ல விருந்தாளி: மிஷனரி குடும்பங்களும் ரிவர்ஸ் கல்ச்சர் ஷாக்கும்

இந்த எபிசோடை ஒரு கேள்வியோட ஆரம்பிச்சிடலாம். வேற நாட்டுக்குக் குடிபோறவங்களுக்கு எது ரொம்பக் கஷ்டம்? புது பாஷை, புது சாப்பாடு, புது ஆளுங்கன்னு சொல்லுவீங்க. சரிதான். ஆனா பதினஞ்சு, இருபது வருஷம் வெளியில இருந்துட்டு சொந்த நாட்டுக்கே திரும்பி வர்றவங்கள்ல பலபேர் வேற பதில் சொல்றாங்க. போனது பரவாயில்ல, வந்ததுதான் தாங்கலன்னு.

இதுக்கு ரிவர்ஸ் கல்ச்சர் ஷாக்னு ஒரு பேர் இருக்கு. இதைப் புரிஞ்சுக்க நான் எடுத்துக்கிட்ட உதாரணம் மிஷனரி குடும்பங்கள். ரெண்டு காரணம். ஒண்ணு, ஐ.டி. ஆளுங்க ஆன்சைட் போறதுக்கு நூத்தி ஐம்பது வருஷம் முன்னாடியே குடும்பத்தோட கடல் தாண்டிப் போய், அங்கேயே புள்ள பெத்து, வளர்த்து, திரும்பி வந்தவங்க இவங்க. நிறைய எழுதியும் வச்சிருக்காங்க. ரெண்டாவது, இந்த விஷயத்தைப் பத்தின ஆராய்ச்சியோட ஒரு முக்கியமான வேர் இந்தியாவுலதான் இருக்கு. அதுல நம்ம கொடைக்கானலுக்கும் ஒரு இடம் உண்டு.

ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன். மிஷனரிகள் செஞ்சது சரியா, தப்பாங்கிறது தனி விவாதம். 1956ல மத்தியப் பிரதேசத்துல வந்த நியோகி கமிட்டி அறிக்கை முதல் இன்னிக்கு வரைக்கும் அது ஓடிக்கிட்டே இருக்கு. இந்த எபிசோடு அதைப் பத்தினது இல்ல. ஒரு அப்பா, அம்மா, ரெண்டு மூணு புள்ளைங்க பெட்டியைக் கட்டிக்கிட்டு 'வீட்டுக்கு' வந்து இறங்கும்போது என்ன நடக்குதுங்கிறதுதான் இங்க பேச்சு.

33 வருஷம் கழிச்சு ஒரு மனுஷன்

ரொம்பப் பழைய கேஸ் ஒண்ணுல இருந்து போவோம். அடோனிராம் ஜட்சன். 1812ல அமெரிக்காவை விட்டுக் கிளம்பினவர். பர்மாவுல தங்கி, பைபிளை பர்மிய மொழியில பெயர்த்தார், அகராதி வேலை பார்த்தார், சிறையிலயும் இருந்தார். அவர் திரும்பி பாஸ்டன்ல கால் வச்சது 1845ல. முழுசா 33 வருஷம்.

அந்தப் பயணமே ஒரு துக்கம். மனைவி சாராவுக்கு உடம்பு சரியில்லன்னுதான் ஊருக்குக் கிளம்பினாங்க. வழியில செயின்ட் ஹெலினா தீவுல அவங்க இறந்துட்டாங்க. அங்கேயே அடக்கம் பண்ணிட்டு, கூட வந்த மூணு புள்ளைங்களோட ஜட்சன் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

போனா அவர் ஒரு பிரபலம்! அவரைப் பார்க்கக் கூட்டம் கூடுது. ஆனா தொண்டை கெட்டுப்போயிருக்கு, சத்தமா பேச முடியாது. பக்கத்துல ஒருத்தர் நின்னு, அவர் முணுமுணுக்கிறதைக் கேட்டு கூட்டத்துக்கு உரக்கச் சொல்வார். இது போக, இத்தனை வருஷம் பர்மிய மொழியிலயே பேசி, யோசிச்சவருக்கு மேடையில ஆங்கிலம் சரளமா வரல. சொந்த பாஷையே கை கொடுக்காத நிலைமை. வந்தவங்களோ புலி, சிறை, ராஜா மாதிரி சாகசக் கதையை எதிர்பார்த்தாங்க. அவர் சாதாரண பிரசங்கம் பண்ணினதுல பலருக்கு ஏமாற்றம்.

ஒரு வருஷம் கூட அவர் அங்க தங்கல. 1846ல மறுபடியும் கல்யாணம் பண்ணிக்கிட்டு பர்மாவுக்கே கப்பல் ஏறிட்டார். கூட வந்த மூணு புள்ளைங்களையும் அமெரிக்காவுலயே விட்டுட்டு. படிப்புக்காக. அம்மா கடல் நடுவுல போயாச்சு, அப்பா திரும்பிப் போறார், இவங்க இருக்கிறது இதுவரைக்கும் பார்த்தே இராத 'சொந்த' நாட்டுல. அந்த மூணு பேரை மனசுல வச்சுக்கோங்க. பின்னாடி புள்ளைங்களைப் பத்திப் பேசுவோம்.

யு எப்படி டபிள்யூ ஆச்சு

இப்ப கொஞ்சம் தியரி. 1955ல ஸ்வெர்ரே லிஸ்கார்ட்னு ஒரு நார்வே ஆய்வாளர், அமெரிக்காவுக்குப் படிப்பு, ஆராய்ச்சிக்காகப் போய் வந்த நார்வேக்காரங்களை ஆராய்ஞ்சார். போன புதுசுல எல்லாம் அழகா இருக்கு. சில மாசத்துல மனசு கீழ இறங்குது. அப்புறம் மெல்ல மேல வருது. கிராஃப் போட்டா ஆங்கில எழுத்து 'யு' மாதிரி வரும்.

1963ல ஜான் கல்லஹார்ன், ஜீன் கல்லஹார்ன்னு ஒரு தம்பதி, கதை அதோட முடியலன்னு சொன்னாங்க. ஊருக்குத் திரும்பினதும் அதே பள்ளம் இன்னொரு தடவை வருது. ரெண்டு யு சேர்ந்தா 'டபிள்யூ'. எல்லாருக்கும் இந்தக் கோடு இதே மாதிரி விழாதுன்னு பின்னாடி வந்த ஆய்வுகள் சொல்லுது. அதனால இதை ஒரு ஃபார்முலாவா எடுத்துக்காதீங்க. ரெண்டாவது பள்ளம்னு ஒண்ணு இருக்குங்கிறதுதான் இதுல நாம எடுத்துக்க வேண்டியது.

அந்த ரெண்டாவது பள்ளம் ஏன் ஆழமா இருக்கு? நம்ம பாஷையில சொல்றேன். ஒரு கோட் பேஸ்ல இருந்து 2005ல நீங்க ஒரு ப்ராஞ்ச் எடுத்துட்டுப் போறீங்க. இருபது வருஷம் அதுல மட்டுமே கமிட் பண்றீங்க. மெயின்ல இருபது வருஷமா மத்தவங்க கமிட் பண்ணிட்டே இருக்காங்க. இப்ப மெர்ஜ் பண்ணுன்னா? ஃபைல் பேரெல்லாம் அதேதான். உள்ள ஒவ்வொரு வரியிலயும் கான்ஃப்ளிக்ட்.

புது நாட்டுக்குப் போகும்போது எதுவும் தெரியாதுன்னு நமக்கே தெரியும். மனசைத் தயார் பண்ணிக்கிட்டு போறோம். அங்க இருக்கிறவங்களும், பாவம், வெளியூர்க்காரங்கன்னு பொறுத்துக்கிறாங்க. சொந்த ஊருக்கு வரும்போது இந்த ரெண்டும் இல்ல. நமக்கு எல்லாம் தெரியும்னு நாமளும் நினைக்கிறோம், அவங்களும் நினைக்கிறாங்க. அமெரிக்கா திரும்பின மிஷனரிங்க பலபேர் சொல்ற ஒரு காட்சி இருக்கு. சூப்பர் மார்க்கெட்ல காலை உணவு சீரியல் வரிசை. ஐம்பது அறுபது வகை டப்பா. அதுக்கு முன்னாடி எதை எடுக்கிறதுன்னு தெரியாம ஒரு பெரிய மனுஷி நின்னு அழறாங்க. டப்பாவுக்காக அழறாங்களா என்ன? ஒரு வாரம் முன்னாடி வரைக்கும் அவங்க ஒரு ஊர்ல ஆஸ்பத்திரியோ பள்ளிக்கூடமோ நடத்தினவங்க. இங்க சீரியல் வாங்கத் தெரியல.

கொடைக்கானல் பசங்க

இப்ப புள்ளைங்க விஷயம். என் பார்வையில இந்தக் கதையோட மையமே இதுதான்.

அமெரிக்கன் மதுரை மிஷன் 1834லயே தமிழ்நாட்டுக்கு வந்துடுச்சு. வெயிலும் காலராவும் தாங்காம 1845ல கொடைக்கானல் மலையில பங்களா கட்டினாங்க. 1901ல அங்க மிஷனரி பசங்களுக்காக ஒரு போர்டிங் ஸ்கூல் ஆரம்பிச்சாங்க. பேர் ஹைகிளர்க். இன்னிக்கு கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல்னு நாம சொல்றது அதைத்தான். அப்பா அம்மா கீழ சமவெளியில எங்கேயோ வேலை பார்ப்பாங்க, பசங்க மலை மேல படிப்பாங்க.

1950கள்ல ஜான் யூசீம், ரூத் ஹில் யூசீம்னு ஒரு அமெரிக்க சமூகவியல் தம்பதி இந்தியா வந்து தங்கி, இங்க வேலை பார்த்த அமெரிக்கர்களை ஆராய்ஞ்சாங்க. மிஷனரி, தூதரக ஆள், கம்பெனி ஆள்னு எல்லாரும் சேர்ந்து ஒரு தனி வாழ்க்கை முறையை உண்டாக்கியிருக்கிறதை கவனிச்சாங்க. அது அமெரிக்காவும் இல்ல, இந்தியாவும் இல்ல. அதுக்கு 'மூணாவது கலாச்சாரம்'னு பேர் வச்சாங்க. அதுக்குள்ள வளர்ற புள்ளைங்களை ரூத் 'தேர்ட் கல்ச்சர் கிட்ஸ்'னு சொன்னாங்க. இன்னிக்கு துபாய்லயும் சிங்கப்பூர்லயும் வளர்ற பசங்களைப் பத்திப் பேசறப்ப எல்லாரும் போடற அந்த வார்த்தை, இந்தியாவுல பண்ணின வேலையில இருந்து வந்தது.

பின்னாடி டேவிட் பொல்லாக், ரூத் வான் ரீக்கன்னு ரெண்டு பேர் இதை வளர்த்தாங்க. வான் ரீக்கனே நைஜீரியாவுல வளர்ந்த மிஷனரி பொண்ணு. அவங்க சொன்ன ஒரு கருத்து எனக்கு ரொம்பப் பிடிச்சது: 'மறைஞ்சிருக்கிற குடியேறி'. வெளித் தோற்றத்துல அச்சு அசல் உள்ளூர்க்காரர் மாதிரி இருப்பார், உள்ள யோசிக்கிறதெல்லாம் வேற மாதிரி இருக்கும்.

இது எனக்கு நேர்ல புரிஞ்சது ஒரு பழைய ப்ராஜெக்ட்ல. க்ளையன்ட் பக்கம் ஒரு ஆர்க்கிடெக்ட் இருந்தார், ஐம்பதைத் தாண்டின அமெரிக்கர். ஒரு ராத்திரி புரொடக்ஷன் பிரச்சனை ஒண்ணு தீர்ந்து எல்லாரும் கால்ல மூச்சு விட்டப்ப, அவர் சாதாரணமா, "அப்பாடா, ஒருவழியா முடிஞ்சுதுப்பா"ன்னார். மதுரைத் தமிழ்! நாங்க நாலு பேரும் ஒரு நிமிஷம் வாயடைச்சுப் போயிட்டோம். அப்பா மிஷன் ஆஸ்பத்திரி டாக்டராம். இவர் கொடைக்கானல்ல படிச்சு, பதினாறு வயசுல அமெரிக்கா போனவர்.

அப்புறம் அவரோட நிறைய பேசினேன். என்னை "தம்பி"ன்னுதான் கூப்பிடுவார். அவர் சொன்னது: "முதல் நாள் ஸ்கூல்ல எந்த ஊருன்னு கேட்டாங்க. இந்தியான்னேன், கிண்டல் பண்றேன்னு நினைச்சாங்க. அடுத்த தடவை எங்கப்பா பொறந்த ஊர் பேரைச் சொன்னேன். அப்ப அந்த ஊர்ப் பையனுக்குத் தெரிய வேண்டியதெல்லாம் எனக்கும் தெரியணும்னு ஆயிடுச்சு. ஃபுட்பால் ரூல் தெரியல. டிவி ஜோக் எதுவும் புரியல. கார் ஓட்டத் தெரியல. எங்க க்ளாஸ்ல வியட்நாம்ல இருந்து வந்த பையன் ஒருத்தன் இருந்தான் தம்பி. அவனுக்கு எல்லாரும் சொல்லிக் கொடுத்தாங்க. நான் அவங்களை மாதிரியே இருந்தேன்ல, அதனால எனக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கல. திமிர் பிடிச்சவன்னு ஒதுக்கிட்டாங்க."

உங்க அம்மா அப்பாகிட்ட சொல்லலையான்னு கேட்டேன். அதுக்கு அவர், "அவங்களே தடுமாறிக்கிட்டிருந்தாங்க. ஊருக்கு வந்துட்டோம், இனிமே எல்லாம் சுலபம்னு அம்மா எங்ககிட்ட சொல்லிட்டே இருப்பாங்க. அம்மாவுக்கு அது ஊர். எனக்கு அது லீவுக்கு ரெண்டு தடவை வந்த இடம்"னார்.

இந்தக் கடைசி வரியை நான் மறக்கல. ஒரே விமானத்துல ஒரே குடும்பம் வருது. அப்பா அம்மாவுக்கு அது திரும்பி வர்றது. புள்ளைங்களுக்கு அது ஊரை விட்டுப் போறது. ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு வெவ்வேற பயணம் நடக்குது. பெரியவங்க சந்தோஷமா இருக்கணும்னு எதிர்பார்க்கிற இடத்துல சின்னவங்க துக்கம் அனுபவிக்கிறாங்க. யாரும் சாகல, அதனால துக்கம் விசாரிக்கவும் யாரும் வர்றதில்ல. ஆயாம்மா, நாய்க்குட்டி, தாழ்வாரம், கூட விளையாடின பசங்க பேசின பாஷை, எல்லாம் ஒரே நாள்ல போகுது. சின்ன வயசுல கத்துக்கிட்ட பாஷை பேச ஆளில்லன்னா சீக்கிரமே மறந்தும் போகுது.

கொல்லிமலையில இருந்து லண்டனுக்கு

தொழுநோயாளிகளோட கையை ஆபரேஷன் பண்ணி மறுபடி வேலை செய்ய வச்ச டாக்டர் பால் பிராண்ட் பேர் வேலூர்ப் பக்கம் பலருக்குத் தெரியும். அவர் 1914ல கொல்லிமலையில பிறந்தவர். அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின், ரெண்டு பேரும் மிஷனரி. மலையில மரம் ஏறி, தமிழ் பேசி வளர்ந்த பையன். ஒன்பது வயசுல, 1923ல, அவரையும் தங்கச்சியையும் படிப்புக்காக லண்டன்ல சொந்தக்காரங்க வீட்டுல விட்டுட்டு அப்பா அம்மா மலைக்குத் திரும்பிட்டாங்க.

அதுக்கப்புறம் அப்பாவைப் பார்க்கவே இல்ல. 1929ல ஜெஸ்ஸி மலைக் காய்ச்சல்ல இறந்துட்டார். செய்தி தந்தியில வந்துடுச்சு. ஆனா அவர் சாகறதுக்கு முன்னாடி எழுதிப் போட்ட கடிதங்கள் கப்பல்ல மெதுவா வந்துக்கிட்டிருந்தது. செத்துப்போன அப்பா, மரத்தையும் பூச்சியையும் பத்தி எழுதின கடிதம் பதினஞ்சு வயசுப் பையன் கைக்கு வருது.

'சொந்த நாட்டுப் படிப்பு' அந்தக் கால மிஷனரி புள்ளைங்ககிட்ட வாங்கின விலை இது. கொடைக்கானல் மாதிரி ஸ்கூல் வந்ததுக்கு இதுவும் ஒரு காரணம். கடல் தாண்டி அனுப்பறதுக்குப் பதிலா மலை மேல அனுப்பலாமே. பால் பிராண்ட் 1946ல வேலூருக்கு டாக்டரா திரும்பி வந்தார். அவங்க அம்மா ஈவ்லின் ஊருக்கே போகல. கணவர் இறந்தப்புறமும், மிஷன் ஓய்வு கொடுத்தப்புறமும் மலையிலயே வேலை பார்த்து, தொண்ணூறு வயசுக்கு மேல இங்கேயே 1974ல இறந்தாங்க. ஓய்வுக்கு இங்கிலாந்து போகாம இருந்தது பிடிவாதம்னு சிலர் நினைக்கலாம். எனக்கு, அவங்க ஊர் எதுன்னு அவங்களுக்குத் தெளிவா தெரிஞ்சிருந்ததுன்னு தோணுது.

பணம், பேப்பர், வேலை

மனசு விஷயம் மட்டும் பேசினா போதாது. திரும்பி வந்த முதல் மாசமே இடிக்கிறது பணம்.

அமெரிக்காவுல பல மிஷன் அமைப்புகள்ல மாசச் சம்பளம் மேலிடத்துல இருந்து தானா வராது. கிளம்பறதுக்கு முன்னாடி சர்ச் சர்ச்சா போய்ப் பேசி, "மாசம் இவ்ளோ தர்றோம்"னு வாக்குறுதி வாங்கணும். அந்தப் பணம் அந்த வேலைக்காகத் தர்றது. வேலையை விட்டுத் திரும்பினா, சில மாசத்துல அதுவும் நின்னுடும். வெளிநாட்டுல இருந்த வீடு பெரும்பாலும் மிஷனோடது. அதனால சொந்த ஊர்ல வீடும் இருக்காது.

வாடகைக்குப் போனா க்ரெடிட் ஸ்கோர் கேட்பாங்க. ஃபைக்கோ ஸ்கோர் வரணும்னா ஆறு மாசமாவது பழசான ஒரு கணக்கு வேணும், கடந்த ஆறு மாசத்துல ஏதாவது கணக்கு நடமாட்டம் பதிவாகியிருக்கணும். பத்து வருஷம் வெளியில இருந்தவருக்கு இது இருக்காது. கடன் வச்சவரைவிட, கடனே வாங்காத இவருக்கு வீடு கிடைக்கிறது கஷ்டம்.

இன்னொண்ணு எனக்கே அதிர்ச்சி. அமெரிக்காவுல பாதிரியார் பொறுப்புல இருக்கிறவங்க, மத நம்பிக்கை காரணமா அரசு காப்பீட்டுல சேர விருப்பமில்லன்னா, ஃபார்ம் 4361னு ஒண்ணைக் கொடுத்து சோஷியல் செக்யூரிட்டி வரியில இருந்து விலகிக்கலாம். பொதுவா அதைத் திரும்பப் பெற முடியாது. இருபத்தஞ்சு வயசுல ஒரு கையெழுத்து. அறுபத்தஞ்சுல அந்த ஊழியச் சம்பளத்துக்கு பென்ஷன் இல்ல. முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஏ பகுதியை பிரீமியம் இல்லாம வாங்க சுமார் பத்து வருஷ வேலைக் கணக்கு வேணும், அதுவும் வேற வழியில வராட்டி இல்ல.

புள்ளைங்க காலேஜ் போகும்போது அரசு பல்கலைக்கழகத்துல உள்ளூர் மாணவர் கட்டணம் வேணும்னா, பல மாநிலங்கள்ல குறைஞ்சது ஒரு வருஷம் அங்க குடியிருந்திருக்கணும். அப்பா அம்மா பிறந்த மாநிலத்துலயே புள்ளை வெளியூர்க்காரன்.

வேலை தேடப் போனா ரெஸ்யூமே யாருக்கும் புரியாது. கிணறு வெட்டினது, ஸ்கூல் கட்டினது, கணக்கு எழுதினது, பஞ்சாயத்து பேசினது எல்லாத்தையும் ஒரே மனுஷன் பண்ணியிருப்பார். எச்.ஆர். பார்வையில அது பத்து வருஷ இடைவெளி.

நம்பிக்கை காணாம போன ஊர்

கடைசியா ஒருத்தர். லெஸ்லி நியூபிகின். 1936ல இங்கிலாந்துல இருந்து வந்து, காஞ்சிபுரத்துல வேலை பார்த்து, 1947ல தென்னிந்திய திருச்சபை உருவானப்ப மதுரை பிஷப் ஆகி, 1965ல இருந்து சென்னை பிஷப்பா இருந்தவர். 1974ல ஓய்வு பெற்றார். அவரும் மனைவி ஹெலனும் ஊருக்கு எப்படிப் போனாங்க தெரியுமா? ரெண்டு சூட்கேஸ், ஒரு முதுகுப் பை. அந்தந்த ஊர் பஸ்ஸுல ஏறி இறங்கி தரைவழியாவே இங்கிலாந்து.

பயண வேகத்தைப் பத்தி இங்க ஒரு வார்த்தை. கப்பல் காலத்துல வாரக்கணக்கா கடல்ல இருப்பாங்க. ஒரு ஊர் மனசை விட்டு இறங்கி, இன்னொண்ணு ஏற நேரம் இருந்தது. இப்ப ராத்திரி சென்னையில ஏறினா, அடுத்த நாள் சிகாகோ. உடம்பு போய்ச் சேர்ந்துடும். மனசு வர மாசக்கணக்காகும்.

நியூபிகினுக்கு பர்மிங்ஹாம்ல கிடைச்ச அதிர்ச்சி சீரியல் டப்பா மாதிரி விஷயத்துல இல்ல. சென்னையோட ஏழ்மையான குடிசைப் பகுதியில கூட நாளைக்கு நல்லாயிருக்கும்னு ஒரு எதிர்பார்ப்பைப் பார்த்தவர். வசதியான இங்கிலாந்துல அது காணாம போயிருக்குன்னு அவருக்குத் தோணிச்சு. எதிர்ப்பை விட, கண்டுக்காத அலட்சியம்தான் கஷ்டம்னும் உணர்ந்தார். எழுபது வயசுல, சிறைச்சாலைக்குப் பக்கத்துல மூடப் போற நிலைமையில இருந்த ஒரு சின்ன சர்ச்சுக்குப் பொறுப்பேத்துக்கிட்டார். தன் சொந்த நாட்டையே ஒரு வெளிநாட்டு மிஷன் களமா பார்த்து எழுத ஆரம்பிச்சார். 1983ல ஒரு சின்ன புத்தகம், 1986ல, 1989ல பெரிய புத்தகங்கள். இன்னிக்கு மேற்கத்திய சர்ச் உலகத்துல அவர் பேர் நிக்கிறது அந்த ஓய்வு கால எழுத்தாலதான். வெளியில இருந்து வந்த கண்ணு அவர்கிட்ட இருந்தது. அதை அவர் மறைச்சுக்கல, அதையே வேலையா மாத்திக்கிட்டார்.

சரி, என்ன பண்ணலாம்?

பொல்லாக் நாலு வேலை சொல்றார். கிளம்பறதுக்கு முன்னாடியே பண்ண வேண்டியது. ஒண்ணு, சண்டை இருந்தா பேசித் தீர்த்துக்கிட்டு கிளம்பு. ரெண்டு, நன்றி சொல்ல வேண்டியவங்களுக்கு வாய்விட்டு நன்றி சொல்லு. மூணு, ஆளுங்ககிட்ட மட்டும் இல்லாம வீடு, மரம், நாய்னு எல்லாத்துக்கிட்டயும் முறையா விடைபெறு. நாலு, போற இடம் இன்னிக்கு எப்படி இருக்குன்னு நிஜமா யோசி, ஞாபகத்துல இருக்கிறதை நம்பாதே. மூணாவது புள்ளைங்களுக்கு ரொம்ப முக்கியம். டாட்டா சொல்லாம கூட்டிட்டு வந்த புள்ளை அதை வருஷக்கணக்கா சுமக்கும்.

வந்தவங்களைச் சுத்தி இருக்கிற நமக்கும் ஒரு வேலை இருக்கு. "எப்படி இருந்துச்சு அங்க?"ன்னு ஒரே கேள்வியில இருபது வருஷத்தைக் கேட்காதீங்க. பதில் ரெண்டாவது வரிக்குப் போறதுக்குள்ள நம்ம கவனம் போனுக்குப் போயிடும், அது அவங்களுக்குத் தெரியும். சின்னதா கேளுங்க. காலையில என்ன சாப்பிடுவீங்க? பக்கத்து வீட்டுல யாரு? எதை விட்டுட்டு வர மனசு வரல? அப்புறம், உள்ளூர் விஷயத்தைக் கேட்காமலே சொல்லிக் கொடுங்க. பேங்க், கார், ரேஷன், எதுவா இருந்தாலும். தெரிஞ்சிருக்கும்னு நினைச்சு விட்டுடாதீங்க.

வெளிநாட்டுல வளர்ந்த பசங்களோட இங்க திரும்பி வந்திருக்கிற குடும்பம் உங்க அபார்ட்மென்ட்லயோ ஆபீஸ்லயோ இருந்தா, இதெல்லாம் அவங்களுக்கும் பொருந்தும். அந்தப் பத்தாம் வகுப்புப் பையன் ரொம்ப அமைதியா இருக்கான்னா, திமிர்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அவனை ஒரு மேட்ச் விளையாடக் கூப்பிடுங்க. ரூலையும் சேர்த்தே சொல்லிடுங்க.

இந்த எபிசோடை அப்படி ஒரு குடும்பத்தைத் தெரிஞ்ச யாருக்காவது அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.